மாமா எதற்குக் காய்ச்சினார்?

அத்தை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, கண்களை மூடி, மருந்து ஊற்றிக் கொடுக்கும் அளவிலான ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரை மூக்கருகே கொண்டுபோன அந்தச் சனிக்கிழமை மதியம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோயிலில் நற்கருணை வாங்குவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் கண்மூடி நிற்பார். மதுக்கரை வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட அந்த அறையின் வாசலில் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். அத்தை மெதுவாக மூச்சை இழுத்தார். முகம் சுளித்தார். "இது ஆகாதுங்க. பெயிண்ட் தின்னர் வாசம் இன்னும் போகல" என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு அந்தத் தம்ளரைக் கழிவு வாளியில் கவிழ்த்தார். அடுத்த தம்ளரை நீட்டினார். அத்தை எங்கள் பங்குக் கோயில் பெண்கள் நடத்தும் மது ஒழிப்புக் குழுவின் தலைவி. தம்ளரில் இருந்தது மாமா வீட்டிலேயே காய்ச்சி இறக்கிய சாராயம்.

மாமா என்று நான் சொல்வது என் மனைவியின் அப்பாவை. வளைகுடா நாடொன்றில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், பெட்டி நிறைய சோப்பும் சென்ட்டும் பாதாம்பருப்பும் கொண்டுவருவார், விடுப்பு முடிந்ததும் போய்விடுவார். என் மனைவி சின்ன வயதில் அப்பாவை விருந்தாளி என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். எங்கள் கல்யாணம் முடிந்த பிறகுதான் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். திரும்பியவருக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தைக்குக் கோயில் உண்டு, குழு உண்டு, அக்கம்பக்கத்துப் பஞ்சாயத்துகள் உண்டு. மாமாவுக்குச் செய்தித்தாள் மட்டும். அதைப் படித்து முடித்ததும் மடித்து, மூலைகளைச் சரிபார்த்து, மறுபடி மடிப்பார்.

மதுக்கரைப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துப் போகும். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கடையில் தண்ணீர் வாங்குவதா என்று மாமாவுக்கு ரோஷம் வந்து, பழைய பிரஷர் குக்கரின் மூடியில் ஒரு செப்புக் குழாயைப் பொருத்தினார். குழாயைச் சுருள்சுருளாக வளைத்து வாளித் தண்ணீருக்குள் முக்கினார். நீராவி சுருளுக்குள் ஓடிக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வந்தது. "கடலையே காய்ச்சி இறக்குனவன் மாப்பிள்ளே நான், இது எம்மாத்திரம்" என்று சிரித்தார். அடுத்து ரோஜா இதழ் போட்டுப் பன்னீர் இறக்கினார். அத்தை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பங்குச் சாமியாரே பாராட்டினாராம். அதுவரை எனக்கு எல்லாம் புரிந்தது. ஓய்வுபெற்ற மனிதர் ஒரு பொழுதுபோக்கைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

கோபிசெட்டிபாளையத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு பழைய சிநேகிதர் மாமாவுக்கு வாழைத்தார்களை அனுப்பிவைப்பார். ஒரு தடவை மூன்று தார்கள் ஒன்றாகப் பழுத்துவிட்டன. தெருவெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. மாமா மிச்சத்தை மசித்து, நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரோடு ஒரு நீல டிரம்மில் போட்டு, ரொட்டிக் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைத் தூவி மூடினார். மூடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியது. மறுநாள் அந்தப் பாட்டிலில் கொப்புளம் வந்துகொண்டே இருந்ததை எனக்குக் காட்டினார். "மூச்சு வுடுது பாருங்க" என்றார். கொப்புளம் நின்றபின் வடிகட்டினார். குக்கர் இருந்த இடத்துக்கு வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த மூடியோடு ஒரு செப்புப் பானை வந்தது. இணைப்புகளில் ஆவி கசியாமலிருக்க மைதா மாவைப் பிசைந்து அப்பினார். கேஸ் அடுப்பு கூடாது, ஆவி பற்றிக்கொண்டால் கூரையே போய்விடும் என்று மின்சார அடுப்பு வாங்கினார். ஆனி, ஆடி மாதங்களில் மட்டும்தான் காய்ச்சினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது எங்கள் ஊரைப் பிய்த்துக்கொண்டு போகும். வாசத்தையும் சேர்த்துக் கிழக்கே தண்டவாளப் பக்கம் கொண்டுபோய்விடும்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமா குடிப்பவர் அல்ல. வளைகுடாவில் இருந்த காலத்திலும் தொட்டதில்லை. காய்ச்சியதையும் குடிக்கவில்லை. சின்னத் தம்ளர்களை வரிசையாக வைத்துச் சொட்டுவதை ஒவ்வொன்றாகப் பிடிப்பார். முதலில் வருவது உடம்புக்கு ஆகாது என்று அதைக் கீழே கொட்டுவார். மூக்கை அறுக்கும் அதன் நெடி. கடைசியில் வருவதையும் கொட்டுவார்; அதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். நடுவில் வருவதுதான் கணக்கு. எது முதல், எது நடு என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். நடுவில் வந்ததில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பி, வாயைக் கொப்பளிப்பார். பிறகு அதைக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி அலமாரியில் அடுக்குவார். அலமாரி நிறைந்ததும் பழையதைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுவார். யாருக்கும் கொடுக்கவில்லை, விற்கவில்லை, மருந்துக்குக்கூடப் பயன்படுத்தவில்லை.

"எதுக்குங்க மாமா இது?" என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க மாப்பிள்ளே" என்றார்.

சும்மா செய்கிற காரியமா இது? வீட்டில் சாராயம் காய்ச்சினால் ஜெயில். அவர் ஜெயிலுக்குப் போனால் வீட்டுப் பெயர் போகும், என் மனைவி தலைநிமிர முடியாது, குழுத் தலைவியான அத்தையின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் நாக்கில் ஒரு சொட்டு வைத்து என் முகத்தையே பார்த்தார். "என்ன தெரியுது?" என்றார். நான் பம்ப்செட் விற்கிறவன். வெளியூர் போகும்போது நண்பர்களோடு எப்போதாவது குடிப்பதுண்டு. காரமாக இருக்கிறது என்றேன். "பழம் வருதுங்களா? எல்லாம் போனதுக்கப்புறம், கடைசியா?" எனக்கு ஒன்றும் வரவில்லை. வருகிறது என்று தலையாட்டினேன். நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அத்தைக்கு இது தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன். மூட்டுவலி, மாடி ஏற மாட்டார். மேலே பன்னீர் காய்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த மதுக்கடையை மாற்றச் சொல்லி அத்தையின் குழு மனுமேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. அது சம்பந்தமாகப் பேச ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சோபாவில் அமர்ந்து, அத்தை கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்று செத்துப்போயிருந்தது. மேலே டிரம் பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புளித்த இனிப்பு வாசம் படிக்கட்டு வழியாகக் கூடத்துக்கு இறங்கி வந்ததை நான் உணர்ந்தேன். மாமா செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்கம்மா, என்னமோ வாசம் வருதுங்களே?"

அத்தை கண் இமைக்கவில்லை. "வாழப்பழமுங்க சார். கோபியில இருந்து தார் தாரா அனுப்பிப்போடறாங்க. திங்க ஆளில்ல, மேல கெடந்து அழுகுது. இருங்க, ஒரு சீப்பு தர்றேன், ஊட்டுக்குக் கொண்டுபோங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். அத்தை டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்படியானால் எவ்வளவு நாளாகத் தெரியும்? தெரிந்தும் ஏன் சத்தம் போடவில்லை? அன்று மாலை அத்தை வழக்கம்போல ஜெபமாலை சொன்னார், மாமா வழக்கம்போல மறுமொழி சொன்னார். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. மாமாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமலே பிழைத்துக்கொண்டார். ஆனால் வாசம் போய்விட்டது. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பியது அவருக்குத் திரும்பவேயில்லை. கருவாடு வறுத்தாலும் காபித்தூள் டப்பாவைத் திறந்தாலும் ஒன்றுதான் அவருக்கு. மாடி அறை பூட்டப்பட்டது. முதலில் வருவது எது, நடுவில் வருவது எது என்று தெரியாமல் எப்படிக் காய்ச்சுவது? எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதே உண்மை. கடவுளே ஒரு வழி பண்ணிவிட்டார் என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் மாமா சரியாக இல்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். எதைக் கேட்டாலும் "செரிங்க" என்பார். செய்தித்தாளைக்கூட மடிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஆடிக் காற்றில் நான் மதுக்கரைக்குப் போனபோது கூடத்தில் யாரும் இல்லை. மேலே பேச்சுக்குரல் கேட்டது. ஏறிப்போனேன். அப்போது கண்டதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். மூட்டுவலிக்காரி அத்தை, அத்தனை படி ஏறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாமா நீட்டிய தம்ளர்களை மோந்துகொண்டிருந்தார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது?" என்பார். அத்தை யோசிப்பார். "இதுல கொஞ்சம் பூ வாசமுங்க... சம்பங்கி மாதிரி." "அப்ப இன்னும் வரணும் அம்மிணி. பழம் வரட்டும்." அடுத்த தம்ளர். "ஆ, இப்ப வருதுங்க, கதலிப்பழம்!" என்று அத்தை சொன்னபோது மாமா சுவிட்சைத் திருகிச் சூட்டைக் குறைத்தார். சின்னப் பையன் மாதிரி அவர் முகம் விரிந்திருந்தது. நான் வந்தது தெரிந்தும் இருவரும் வேலையை நிறுத்தவில்லை.

கீழே இறங்கி வந்த பிறகு அத்தையிடம் தனியாகக் கேட்டேன். "ஏனுங்கத்தை, நீங்களே இப்படி?"

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "குடிக்கறதுதானுங்க மாப்பிள்ளை பாவம். மோந்து பாக்கக் கூடாதுன்னு எந்த வேதத்துல இருக்குது?"

அதற்கு மேல் என்ன கேட்பது? அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள், நான் மருமகன், இதற்குள் நுழையக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

குழுவில் ஒரு பெண் உண்டு. தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவள். அவளுடைய புருஷன் எங்கோ மலிவாகக் கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டுக் கண் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்தான். விடிவதற்குள் செத்துப்போனான். அடக்கத்துக்கு நான்தான் அத்தையைக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு கண்ணு தெரியலன்னதை நான் நடிப்புன்னு நெனச்சுப்போட்டனுங்கக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்த அத்தை, கால்கூடக் கழுவாமல் நேரே மாடி ஏறினார். நான் பயந்துபோய்ப் பின்னால் ஓடினேன். எல்லாவற்றையும் உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உடைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மாமா உள்ளே பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை மூச்சு வாங்க நின்றார். "மொதல்ல வர்றதைக் கொட்டாம வித்துப்போட்டாங்களாங்க?"

மாமா துணியைக் கீழே வைத்தார். "அது காச்சுனதே இல்ல அம்மிணி. ஃபேக்டரிக்குப் போற ஸ்பிரிட்டைத் தண்ணியில கலந்திருப்பானுங்க. அதுல ஒண்ணும் வாசமே தெரியாது. யார் மோந்தாலும் தெரியாது."

அத்தை அலமாரியிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மூடியைத் திறந்து குழாயில் ஊற்றினார். மாமா தடுக்கவில்லை, பக்கத்தில் நின்று, காலியான பாட்டிலை வாங்கி வாங்கிக் கீழே வைத்தார். கடைசிப் பாட்டிலை ஊற்றி முடித்ததும் அத்தை அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். மாமா தன் கையை அத்தையின் தோள்மேல் வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் நாற்காலியின் சாய்வில் வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த சனிக்கிழமை அத்தை மறுபடியும் மாடி ஏறினார். டிரம்மில் புது வாழைப்பழம் பொங்கி அடங்கி, காய்ச்சத் தயாராகியிருந்தது. முந்தின நாள்தான் அவர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், மதுக்கடையை மூடச் சொல்லிக் கோஷம் போட்டுவிட்டு வந்திருந்தார். குரல் கட்டியிருந்தது. கட்டிய குரலிலேயே "இது வேண்டாங்க, அடுத்தது" என்றார். அத்தை போலியா? இல்லை. அவரைப்போல மனதார ஜெபம் செய்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. மாமா திருட்டுத்தனமானவரா? அதுவும் இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு சட்டவிரோதமான காரியத்தை இவ்வளவு கவனமாக, இவ்வளவு அமைதியாக, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். நான் கோபப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் வாரா வாரம் போய்வந்தேன்.

போன மார்கழியில் மாமா இறந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெரிய கூட்டம். பங்குச் சாமியார் தம் மறையுரையில், மனைவியின் மது ஒழிப்புப் பணிக்குத் தோள்கொடுத்த கணவர் என்று மாமாவைக் குறிப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை குனியவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அத்தை மாடி அறையைக் காலி செய்யச் சொன்னார். நீல டிரம்மை நானே கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்தேன். இப்போது மதுக்கரைக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அந்த அறையில்தான் துணி காயப் போடுகிறாள். செப்புப் பானையையும் சுருளையும் பழைய சாக்கில் சுற்றிக் காரில் ஏற்றினேன். தானும் வருவேன் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். டவுன்ஹால் பக்கம், கோட்டைமேட்டுக்குப் போகிற வழியில், பழைய பித்தளை, செம்பு வாங்கும் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாய் சாக்கைப் பிரித்தார். வளைந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார், சுருளை விரலால் தட்டினார், பானைக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை அத்தையின் கழுத்துச் சிலுவையில் ஒரு கணம் நின்றது.

"இது என்னதுங்கம்மா?"

"தண்ணி காச்சறதுங்க பாய்" என்றார் அத்தை.

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "நல்ல செம்புங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தராசில் தூக்கி வைத்தார்.

திரும்பும்போது உக்கடத்தில் வண்டிகள் நகரவேயில்லை. அத்தை, கேட்கலாமா கூடாதா என்று தயங்கும் குரலில் பேசினார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு அதை எதுக்குக் காச்சுனாருன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாரல்லங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்கிட்டயா? சும்மான்னு சொன்னாருங்க. உங்களுக்குத் தெரியும்னுதானுங்க அத்தை நான் இத்தன நாளா இருந்தேன். நீங்கதானே வாரா வாரம் கூடவே உக்காந்திருந்தீங்க?"

"நான் கேக்கவே இல்லீங்க."

"ஏனுங்க?"

அத்தை கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "கேட்டா நிறுத்திப்போடுவாரோன்னு இருந்துச்சுங்க. நிறுத்திப்போட்டா மறுக்காப் பேப்பரை எடுத்துட்டு உக்காந்துக்குவாரு. கல்யாணமாகி இத்தன வருசத்துல, 'இது எப்படி இருக்குது, சொல்லு'ன்னு அவரு என்னையக் கேட்டது அங்க மட்டும்தானுங்க."

அப்படியானால் அவர் அதற்காகத்தான் காய்ச்சினாரா? ஆனால் அத்தை மாடி ஏறுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டாரே! கடலைக் காய்ச்சிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றதா? வளைகுடாவில் தனியாக இருந்த காலத்தில் நடந்த ஏதாவதா? யாரிடம் கேட்பது?

"அப்ப உங்களுக்கும் நெசமாலுமே தெரியாதுங்களா?" என்று அத்தை மறுபடியும் கேட்டார்.

"சத்தியமாத் தெரியாதுங்க."

அத்தை இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மாமாவின் அடக்கத்துக்குப் பிறகு அவர் முகம் அப்படி இறுக்கம் விட்டு நான் பார்க்கவில்லை.

"நல்லதாப் போச்சுங்க" என்றார். "ஆம்பளைங்க நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க, என்கிட்டத்தான் சொல்லாமப் போயிட்டாருன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்."